கடைசற் கிண்ணமும் அலங்காரமும்

தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்தலையும் மரத்தைக் கடைந்து கிண்ணம் எடுத்தலையும் தமிழ் ஒரே வினைச்சொல்லாற் குறிக்கின்றது. இது சொல்வறுமையால் நேர்ந்ததன்று என்பது பழைய கடைசற் பொறியை அறிந்தவர்க்குப் புலனாகும். மத்தின் தண்டிலே கயிற்றைச் சுற்றி அதன் இரு தலைப்பையும் மாறி மாறி இழுக்க, மத்து முன்னும் பின்னுமாகச் சுழலும். மந்தரத்தை மத்தாகவும் வாசுகியைக் கயிறாகவுங் கொண்டு தேவரும் அசுரரும் பாற்கடலைக் கடைந்த கதையிலும் இயக்கம் இதுவே. பழைய கடைசற் பொறியிலே மத்து நிற்கும் இடத்தில் மரக்கட்டை நிற்கின்றது. ஒரு பக்கத்து இழுவையைத் தொழிலாளியின் கால் செய்கின்றது. மறுபக்கத்து இழுவையை மேலே கட்டப்பட்ட வளையுந் தன்மையுள்ள கழியொன்று செய்கின்றது. மின்விசையால் ஒரே திசையிற் சுழலும் இக்காலப் பொறியை மட்டும் கண்டோர், இரு தொழிலுக்கும் ஒரு சொல் பொருந்தி நிற்கும் நயத்தை எளிதிற் காணார்.

இவ்வாறு கடைந்தெடுக்கப்பட்ட மரக்கிண்ணம் கலைப்பொருளா, வெறும் பாத்திரமா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டிலே மேனாடுகளில் எழுந்தது. உண்பதற்கன்றிக் காண்பதற்கென்றே கடையப்பட்ட கிண்ணங்கள் நூதனசாலைகளின் கண்ணாடிப் பேழைகளுட் புகுந்த காலத்தில் இவ்வினா வலுப்பெற்றது. பயன் நீங்கிய இடத்திலேதான் கலை தொடங்குகின்றது என்றனர் ஒருசாரார். பயன் நீங்கியவுடன் கிண்ணம் பொய்யாகின்றது என்றனர் மறுசாரார். இரு சாராரும் அலங்காரம் என்பதனைப் பயனுக்கு மறுதலையாகவே கொண்டு வழக்காடினர். அக்கொள்கை எத்துணை உறுதியுடையது என்பதை ஆராய்தற்கு ஒரு கிராமத் தொழிலாளியின் கைவேலை நல்லதோர் உரைகல்லாக அமைகின்றது.

இங்கிலாந்தில் பேக்ஷயர் மாவட்டத்திலே பக்கில்பரி என்னும் ஊரின் பொதுநிலத்தையடுத்துச் சிறு குடிலொன்றில் மரக்கிண்ணம் கடைந்து வாழ்ந்தவர் ஜோர்ஜ் லெய்லி. அவர் 1869இற் பிறந்து 1958இல் மறைந்தார். முன்னோர் செய்த தொழிலையே அவருஞ் செய்தார். நீராவியும் மின்சாரமும் அந்நாட்டுப் பட்டறைகளை ஆட்கொண்ட பின்னரும் கழியும் கயிறும் மிதிகட்டையுமே அவர்தம் பொறியாய் இருந்தன. இவ்வகைப் பொறியிற் கிண்ணங் கடைதலையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டோருள் அந்நாட்டில் இறுதியாக எஞ்சியவர் அவரே என்பர். ஆயினும் அவரை நினைவுகூர்தற்குப் பழமை ஒன்றே காரணமன்று. ஒரு கட்டையை ஒரு கிண்ணமாக்காது, ஒன்றனுள் ஒன்றாய் அமையும் பல கிண்ணங்களாக அவர் பிரித்தெடுத்தார். அதுவே அவர்தம் சிறப்பு.

அவர் எடுத்தாண்டது எல்ம் என்னும் மரம். அதன் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் அது எளிதிற் பிளவுறாது. கிண்ணத்தின் மெல்லிய சுவருக்கு அது மிக ஏற்றது. வெட்டிய மரத்தை அதன் ஈரம் உலராத முன்னரே நெடுக்காகப் பிளந்து, நடுவிலுள்ள நெட்டியை விலக்கிவிடல் வேண்டும். நெட்டியை உள்ளடக்கிய கிண்ணம் உலரும்போது வெடித்துவிடும். பிளந்த பாதியைக் கோடரியால் ஏறத்தாழ அரைக்கோளமாகச் செதுக்கி, அதன் தட்டையான முகத்தின் நடுவிலே உருளைத் தண்டொன்றை அறைந்து இறுக்குவர். மிதிகட்டையிலிருந்து வருங் கயிறு அத்தண்டைச் சுற்றி மேலுள்ள கழிக்குச் செல்லும். தண்டின் நுனியும் கிண்ணத்தின் அடியும் இரு இரும்பு முனைகளிடையே தாங்கப்படும். கால் மிதிக்குந்தோறும் கட்டை தொழிலாளியை நோக்கிச் சுழலும். அப்போது மாத்திரமே உளி வெட்டும். காலைத் தளர்த்தக் கழி நிமிர்ந்து கட்டையைப் பின்னோக்கிச் சுழற்றும். அப்போது உளி சற்றே விலகி நிற்றல் வேண்டும். ஆகவே தொழிலின் பாதிப்பொழுது வெட்டாப் பொழுதே. இதனை வீண் என்று கருதுதல் பொறியியல் மாணவர்க்கு இயல்பு. எனினும் அந்த ஒழிவிலேதான் சீவல் வெளியேறுகின்றது. கையும் அடுத்த வெட்டுக்குத் தன்னைச் சீர்செய்து கொள்கின்றது.

முதலிற் புறத்தோற்றம் கடையப்படும். அடுத்து, நீண்ட காம்பின் முனையிலே கொக்கிபோல் வளைக்கப்பட்ட உளி தட்டையான முகத்தில், விளிம்பிற்குச் சற்று உள்ளாக, ஒரு வட்டப் பள்ளத்தைத் தோண்டத் தொடங்கும். பள்ளம் ஆழமாகுந்தோறும் அது உள்நோக்கி வளைந்து செல்லும். உளியின் வளைவும் அதற்கேற்பவே அமைந்திருக்கும். இறுதியிற் புறக்கிண்ணத்தையும் நடுக்கட்டையையும் இணைத்து நிற்பது அடியிலுள்ள ஒடுங்கிய கழுத்து ஒன்றே. அதனை முறித்தவுடன் முதற் கிண்ணம் கழன்று வரும். தண்டு நடுக்கட்டையிலேயே நிற்றலால் அக்கட்டை மீண்டும் பொறியில் ஏறும், அதனுள்ளிருந்து இரண்டாங் கிண்ணம் பிறக்கும், அதனுள்ளிருந்து மூன்றாவது.

இத்தொழிலிலே ஒரு நுட்பம் உண்டு. பள்ளத்தின் ஒரு பக்கம் புறக்கிண்ணத்தின் உட்சுவர். மறுபக்கம் உட்கிண்ணத்தின் புறச்சுவர். ஒரே வெட்டு இரண்டு கிண்ணங்களின் வடிவையும் உறுதிசெய்கின்றது. கை ஒருமுறை பிழைத்தால் இரண்டும் கெடும். உளியின் முனையோ மரத்தினுள் மறைந்து கிடக்கின்றது. கண்ணுக்கு அங்கே வேலையில்லை. காம்பின் வழியாகக் கைக்கு வரும் அதிர்வும், சுவர் மெலியுந்தோறும் மாறும் ஓசையுமே வழிகாட்டிகள்.

இத்துணைத் தொல்லை எதற்கு? கணக்கு ஒன்று இதனை விளக்கும். ஆரை 15 சென்ரிமீற்றர் கொண்ட அரைக்கோளக் கட்டை ஒன்றைக் கொள்க. அதிலிருந்து 1 சென்ரிமீற்றர் தடிப்புள்ள சுவரோடு ஒரு கிண்ணத்தை மட்டும் எடுத்தால், கட்டையின் கனவளவில் நூற்றுக்கு 19 பங்கே கிண்ணமாகும். 81 பங்கு சீவலாகத் தரையில் விழும். அதே கட்டையிற் பள்ளத்தின் அகலத்தை 1.5 சென்ரிமீற்றராகக் கொண்டு நான்கு கிண்ணங்களை எடுத்தால், ஏறத்தாழ 44 பங்கு பாத்திரமாகின்றது. மரமோ ஒன்று, உழைப்பு மட்டுமே மிகுகின்றது. உழைப்பினும் மரத்தை அரிதெனக் கொண்ட ஒருவனுடைய மனக்கணக்கு இது.

எல்லாக் காலத்தும் எல்லாரும் இவ்வாறு எண்ணினார் என்று கொள்ளுதற்கில்லை. யோர்க் நகரிலே கொப்பகேற் என்னுந் தெருவில் 1976 தொடக்கம் 1981 வரை நடைபெற்ற அகழாய்வு வைக்கிங் மக்களின் குடியிருப்பை வெளிப்படுத்தியது. அத்தெருவின் பெயருக்கே கிண்ணங் கடைவோர் தெரு என்பது பொருள். அங்கே கிண்ணங்களோடு, கடைந்தபின் கழித்தெறியப்பட்ட கூம்பு வடிவான நடுக்கட்டைகளும் கிடைத்தன. மரம் மலிந்த காலத்தில் நடுக்கட்டை குப்பைக்குப் போயிற்று. அக்காலத்து ஐரோப்பாவில் மரக்கிண்ணம் எளியோர்க்கும் செல்வர்க்கும் பொதுவான உண்கலம். எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலாகிய மேரி ரோஸ் 1545இல் மூழ்கியது. 1982இல் அதன் உடல் கடலிலிருந்து மீட்கப்பட்டது. அக்கப்பலிற் கிடைத்த மரக்கலங்கள் சிலவற்றிலே மாலுமிகள் தத்தமக்குரிய அடையாளங்களைக் கீறி வைத்திருந்தனர். செல்வர்க்கென மேப்பிள் மரத்தின் கழலையிலே கடைந்து, வெள்ளி விளிம்பு கட்டிய கிண்ணங்களும் இருந்தன. வெள்ளி விளிம்பைக் கண்டவுடன் இதுவே அலங்காரம் என்று சொல்லத் தோன்றும். மாலுமி கீறிய அடையாளத்தை எவ்வகையிற் சேர்ப்பது?

லெய்லியின் தொகுதிக் கிண்ணங்களை இனி அழகுநோக்கில் மதிப்பிடல் வேண்டும். தனித்தனியே நோக்கின் அவை எளியன. செதுக்குவேலை இல்லை, வண்ணம் இல்லை. ஒன்றனுள் ஒன்றாய் அடுக்கிய நிலையிலேதான் அவற்றின் முழு வடிவம் தோன்றுகின்றது. விளிம்புகள் யாவும் ஒரு மையத்தைச் சுற்றிய வட்டங்களாகக் கிடக்கின்றன. மரம் ஆண்டுதோறும் வளையம் வளையமாகப் புறம்நோக்கி வளர்ந்தது. தொழிலாளி வளையம் வளையமாக அகம்நோக்கிச் சென்றான். இவ்விரு வளையங்களும் ஒன்றல்ல. கிண்ணத்தின் வட்டம் ஆண்டு வளையங்களை ஊடறுத்துச் செல்கின்றது. அந்த ஊடறுப்பினாற்றான் கிண்ணத்தின் அடியிலும் பக்கத்திலும் நீள்வட்டக் கோலங்கள் விழுகின்றன. எவரும் அவற்றை வரையவில்லை. உளி அவற்றை அறுத்துக் காட்டியது.

இன்னொன்றும் நோக்கற்பாலது. மரம் உலரும்போது ஆண்டு வளையத்தின் போக்கிற் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையிற் சுருங்கும் அளவின் ஏறத்தாழ இருமடங்கு. நாரின் நீளப்போக்கிலோ சுருக்கம் மிகச் சிறிது. ஆகவே ஈரமரத்தில் வட்டமாகக் கடைந்த கிண்ணம் உலர்ந்தபின் சற்றே நீள்வட்டமாகும். இதனைக் குறையென்பார் உளர். ஒரு கட்டையிற் பிறந்த கிண்ணங்கள் அனைத்தும் ஒரே திசையில் நீளுகின்றன. நார்ப்போக்கை ஒத்துவரச் செய்து அடுக்கினால் விளிம்புகளின் இடைவெளி சீராக நிற்கும். ஒன்றைக் குறுக்கே திருப்பினால் அச்சீர் குலையும். பிரிந்துபோன பின்னரும் தாம் ஒரு மரத்தின் மக்கள் என்பதை அவை மறக்கவில்லை எனலாம். சந்தையிலோ அவை ஒவ்வொன்றாகப் பல வீடுகளுக்குச் செல்லுதற்குரியன. தொகுதியின் அழகு அதனைக் கடைந்தவன் மாத்திரம் சில நாள் காண்பதற்குரியதாய் இருந்தது. கலைத் திறனாய்வு இத்தகைய அழகைப் பற்றிப் பேசுவது மிக அரிது.

காண்பதற்கென்றே கிண்ணம் கடையும் முறை வளர்ந்த இடம் ஐக்கிய அமெரிக்கா. அவ்வழியில் முன்னோடியாகக் கருதப்படுபவர் ஜேம்ஸ் பிறெஸ்ரினி. 1908இற் பிறந்த இவர் பொறியியற் பயிற்சியும் கணித ஆசிரியத் தொழிலும் உடையவர். 1933 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கிண்ணங் கடைந்தார். நியூயோக் நவீன கலை நூதனசாலை அவர் வேலையைப் பெற்றுக் காட்சிப்படுத்தியது. அவர்தம் கிண்ணங்களின் சுவர் மிக மெல்லியது. விளிம்போ கூரிய கோடுபோல் முடிவது. வடிவத்தூய்மை என்ற ஒன்றைமட்டும் அளவுகோலாகக் கொண்டால் அவற்றை விஞ்சுவது அரிது. ஆனால் நெடிது நோக்குங்கால் ஓர் ஐயம் எழாமற் போகாது. இவ்வடிவங்கள் மரத்திலே பிறந்தனவா, அன்றி வரைதாளிலே பிறந்து மரத்தின்மேல் ஏற்றப்பட்டனவா? கண்ணாடியிலோ களிமண்ணிலோ அதே வளைவைச் செய்திருந்தால் இழப்பு யாது? கோலம் அடங்கிய, ஒழுங்கான நாருள்ள பலகைகளையே அவர் பெரிதும் தெரிந்தெடுத்தமை இவ்வையத்தை மிகுவிக்கின்றது. மரம் இடையிற் பேசாதிருத்தல் அவருக்கு வேண்டியதாயிற்று. பின்னாளில் அவர் மரத்தை விட்டு உருக்குச் சிற்பத்திற்குச் சென்றது வியப்பன்று; அவருடைய உள்ளம் முன்னரே அங்கிருந்தது.

இவரோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கவர் பொப் ஸ்ரொக்ஸ்டேல் (1913–2003). இரண்டாம் உலகப் போரிற் படைக்கலம் ஏந்த மறுத்தோர்க்கென அமைத்த முகாமிலேதான் அவர் கிண்ணங் கடையத் தொடங்கினார். பின்னர் கலிபோர்ணியாவின் பேர்க்லி நகரிலே தம் இல்லத்துப் பட்டறையில் வாழ்நாள் முழுதும் அதனையே செய்தார். விற்பனைக்கெனக் காய்கறிக் கலவைக்குரிய பெருங் கிண்ணங்களையும், அவற்றோடு சிறிய அலங்காரக் கிண்ணங்களையும் கடைந்தார் என்பது குறிக்கத்தக்கது. பயனுக்கும் காட்சிக்கும் இடையே அவர் கைகள் நாள்தோறும் போய்வந்தன. அவர்தம் திறமை உளியில் உள்ளதினும் அறுவாளில் மிகுதியாக உள்ளது. மரத்துண்டத்தைப் பொறியில் ஏற்றுமுன், அதனை எக்கோணத்தில் அறுத்தால் எக்கோலம் எங்கே விழும் என்று காண்பதிலேயே அவர் வேலையின் பாதி முடிந்துவிடுகின்றது. கருமையான வைரமும் வெண்மையான வெளிறும் சந்திக்கும் எல்லை, கிண்ணத்தின் விளிம்போரத்திலே பிறைபோல் வந்து நிற்கும்படி அவர் அறுத்த கிண்ணங்கள் உள. அப்பிறை நல்ல தச்சன் எவனும் விறகென விலக்கும் வெளிற்றிலே பிறந்தது. பிறெஸ்ரினியின் வளைவு மரமின்றியும் இருக்கக்கூடும்; ஸ்ரொக்ஸ்டேலின் வளைவு அந்த மரத்துண்டு இல்லையெனில் இல்லை.

ஏனையோரை விரிவாக ஆராய இடமில்லை. அற்லான்ராவின் கட்டடக் கலைஞர் எட் மோல்த்ரொப் பாரிய உருண்டைகளைக் கடைந்தார். மரம் சுருங்காதிருக்க அவற்றை இரசாயனக் கரைசலிலே நெடுநாள் ஊறவைத்து, மேலே பளபளக்கும் பூச்சிட்டார். பார்வைக்கு அவை பெருமிதமானவை. எனினும் மரத்தின் அசைவை மருந்தினாற் கட்டி நிறுத்தியபின், கண்ணாடிபோன்ற பூச்சு எதனைக் காக்கின்றது என்பது விளங்கவில்லை. மெல்வின் லிண்ட்குவிஸ்ற், மார்க் லிண்ட்குவிஸ்ற் என்னும் தந்தையும் மகனும் பூஞ்சணம் படர்ந்து கருங்கோடுகள் ஓடிய மரத்தை விரும்பி எடுத்து, பழுது என்று தள்ளப்பட்டதற்கு மதிப்புத் தந்தனர். இதற்குத் துணிவு வேண்டும். டேவிட் எல்ஸ்வேர்த் என்பார் சிறு துளை வழியாக வளைந்த உளியைச் செலுத்தி உருண்டையின் அகத்தைக் குடைந்து, சுவரை மெல்லியதாக்கினார். அவரும் லெய்லியைப் போலவே காணாது கடைந்தவர்தாம். ஆனால் ஒருவர் வாயை ஒடுக்கியது தாமே விரும்பி ஏற்ற வடிவத்தின்பொருட்டு. மற்றவர் பள்ளத்தை ஒடுக்கியது இன்னொரு கிண்ணத்தை மிச்சப்படுத்துவதற்காக. அருமை ஒன்றாயினும் அதன் வேர் வேறு.

இவ்விடத்திலே ஈழத்தவரான கலாநிதி ஆனந்த குமாரசுவாமியின் கருத்தொன்று பெரிதும் துணைசெய்கின்றது. 1877இற் கொழும்பிற் பிறந்த அவர், மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலை 1908இல் வெளியிட்டார். வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அந்நூல் அச்சாயிற்று. சிற்பத்தையும் ஓவியத்தையும் போலவே தச்சரும் கொல்லரும் நெசவாளரும் செய்த வேலையையும் கலையெனக் கொண்டு ஆராய்ந்த நூல் அது. பிற்காலத்தில் பொஸ்டன் நகர நுண்கலை நூதனசாலையிற் பணியாற்றியபோது, 1939இல் அலங்காரம் என்னும் பொருள்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அலங்காரம் என்பதில் வரும் 'அலம்' என்னும் வடசொல்லுக்குப் போதும், நிரம்பும் என்பன பொருள். ஆதலின் அலங்காரம் செய்தல் என்பது ஒரு பொருளைத் தன் தொழிலுக்குப் போதியதாக்குதல், நிரம்பியதாக்குதல். மேலே ஒட்டிய மிகை என்ற பொருள் பின்னர் நேர்ந்த தேய்வு. பிற மொழிகளிலும் இத்தகைய சொற்கள் இவ்வாறே தேய்ந்தன என்று அவர் பல சான்று காட்டினார்.

இதனை உரைகல்லாகக் கொண்டால், முன்கூறிய வழக்கின் இருதரப்பும் தளர்ந்துபோகின்றன. லெய்லியின் கிண்ணம் அலங்காரமற்றதன்று, முழுவதும் அலங்காரம். அதன் சுவர், அடி, விளிம்பு ஆகியவற்றிற் குறைக்கத்தக்கதோ கூட்டத்தக்கதோ இல்லை. மாலுமி கீறிய அடையாளமும் அலங்காரமே. அஃதின்றி அக்கலம் அவனுக்குப் போதியதாகாது. தென்னிலங்கையிலே சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்விற் பிறக்கும் சூட்டினால் நிறத்தை உருக்கிப் பற்றவைக்கும் கடைசல் வேலையை நோக்குக. அரக்கு மேற்பூச்சேயாயினும் கடையும் அசைவிலேயே அது பிறக்கின்றது, மரத்தையும் காக்கின்றது. அதனையும் மிகையென்று தள்ளுதல் தகாது.

ஆயினும் குமாரசுவாமியின் கருத்தை அப்படியே ஏற்றால் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஸ்ரொக்ஸ்டேலின் சிறு கிண்ணத்திற்குத் தொழில் யாது? அதிலே எவரும் உண்பதில்லை. தொழில் இல்லாத பொருளுக்குப் போதுமை என்பது எங்ஙனம்? நூதனசாலையிலுள்ள பழம்பொருள்கள் நூதனசாலைக்கெனச் செய்யப்பட்டனவல்ல என்று வலியுறுத்திய அவர், அங்கே வைப்பதற்கென்றே செய்யப்பட்ட கிண்ணத்தைப் பெரும்பாலும் ஏற்றிருக்கமாட்டார். இங்கே அவர் கருத்தைச் சற்று விரித்துக்கொள்ளுதல் வேண்டும். ஒரு மரத்தின் அகத்தைக் கண்ணுக்குக் காட்டுதலும் ஒரு தொழிலே. அத்தொழிலுக்குப் போதியதாய் அமைந்த கிண்ணம், வாயில் உணவு படாவிடினும், அலங்காரம் என்னும் பெயருக்கு உரியது. இவ்வளவுகோலால் ஸ்ரொக்ஸ்டேல் நிற்கின்றார். மார்க் லிண்ட்குவிஸ்ற் பெரும்பாலும் நிற்கின்றார். பிறெஸ்ரினி நிற்றல் ஐயம். மெலிவு எதற்கு என்று கேட்டால் லெய்லியின் கிண்ணம் விடைசொல்லும். பிறெஸ்ரினியின் கிண்ணம் தன் மெலிவையே விடையாகக் காட்டும்.

இலண்டனிற் கற்பித்தவரும் தாமே மரக்கிண்ணம் செய்தவருமான டேவிட் பை 1968இல் வெளியிட்ட நூலில் வேறொரு பாகுபாட்டைத் தந்தார். செய்யுந்தோறும் பொருள் கெடக்கூடிய நிலையில், செய்பவனது மதிப்பீட்டையும் கவனத்தையும் நம்பி நிற்கும் வேலை ஒருவகை. விளைவு முன்னரே உறுதியாகிவிட்ட பொறிவேலை இன்னொருவகை. ஒரு வெட்டினால் இரண்டு கிண்ணங்களைப் பணயம் வைத்த லெய்லியின் தொழிலுக்கு முதல்வகையினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. எனினும் பணயம் ஒன்றே பொருளுக்கு மதிப்பைத் தருவதில்லை என்பதைப் பையும் அறிவார். கயிற்றின்மேல் நடப்பவனுக்கும் பணயம் உண்டு. அளவுக்கு மிஞ்சிய மெலிவை வியப்பவர்கள் இக்கழைக்கூத்தையே கலையென மயங்குகின்றனர்.

லெய்லியைத் துறவியாக்கிப் போற்றும் மரபு ஒன்றும் உண்டு. எச். வி. மோட்டன் 1927இல் வெளியிட்ட தம் பயணநூலிலே அவரைச் சந்தித்த செய்தியை எழுதியபின், பொருளாசையற்ற பழைய இங்கிலாந்தின் சின்னமாக அவர் மாறினார். இத்தகைய எழுத்து படிப்பதற்கு இனிது. தொழிலுக்கு உதவுவதோ குறைவு. நகரத்து வாசகர் அக்குடிலை மனத்தில் வைத்து மகிழ்ந்த முப்பது ஆண்டுகளில், அவர்தம் சமையலறைகளில் மட்பாண்டமும் உலோகமும் பூச்சுக்கலமும் நிறைந்திருந்தன. லெய்லிக்குப்பின் அக்குடிலிற் கடைந்தார் எவருமிலர். புகழ் இருந்தது; மாணாக்கன் இல்லை. கைத்தொழில்களைப் பற்றிப் புகழுரை எழுதுவோர், எந்நாட்டவராயினும், எண்ணிப்பார்க்க வேண்டிய இடம் இது.

மரமும் அவருக்குப்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. 1960களின் பிற்பகுதியில் வீரியம் மிக்க பூஞ்சண நோயொன்று எல்ம் மரங்களைப் பற்றியது. வண்டுகளால் அது பரவி, பிரித்தானியாவில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட மரங்களை அழித்தது.

இன்று மின்விசைப் பொறியில் வளைந்த கத்தியைத் தாங்குகோலிற் பொருத்தி, ஒரு கட்டையிலிருந்து அடுக்குக் கிண்ணங்களை எடுக்கும் கருவிகள் விலைக்குக் கிடைக்கின்றன. தாங்குகோல் வளைவைக் காத்துக்கொள்வதாற் கைக்குப் பணயம் குறைவு. அவ்வாறு எடுத்த தொகுதியைப் பிரிக்காது அடுக்காகவே விற்பர்; வாங்கியோரும் அடுக்காகவே மேசைமேல் வைப்பர். லெய்லி மட்டும் கண்ட அழகு இப்போது எல்லாரும் காணக் கிடைக்கின்றது என்று இதனை வரவேற்கலாம். ஆனால் உட்கிண்ணம் புறக்கிண்ணத்தை விட்டு ஒருபோதும் வெளிவராத தொகுதி, கிண்ணமென்னும் பெயரை எவ்வளவு காலம் தாங்கும் என்பது கேட்கத்தக்கது.

லெய்லியின் பொறியும் உளிகளும் றீடிங் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆங்கிலக் கிராமிய வாழ்க்கை நூதனசாலையில் உள்ளன. ஆசிரியன் மறைந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப்பின், றொபின் வுட் என்னும் இளைஞர் அக்கருவிகளை ஆராய்ந்து, அவற்றைப்போன்ற கொக்கியுளிகளைத் தாமே உலையிற் காய்ச்சி வளைத்து, கழியுங் கயிறுங் கட்டிக் கடையப் பழகினார். 2005இல் மரக்கிண்ணத்தின் வரலாற்றை நூலாகவும் எழுதினார். அவருக்குக் கைபிடித்துக் கற்பிக்க எவரும் இருந்திலர். இரும்பின் வளைவு இருந்தது. எந்த உளி எந்தக் கிண்ணத்திற்கு என்பதை அவ்வளைவு சொல்லிற்று. அவர் கடைந்த கிண்ணங்களிற் பல இப்போது பல வீடுகளில் உணவுண்ணப் பயன்படுகின்றன; உட்சுவரிலே கரண்டி கீறிய தடங்கள் விழத் தொடங்கியிருக்கும்.